9-க்கும் 22-க்கும் ஒரு பரிவர்த்தனை

எங்கள் ஆபீஸ் கேஷியர் திடீரென்று ஒல்லியாகிவிட்டார்.

பம்ப்செட் தயாரிக்கிற கம்பெனி எங்களுடையது. கோயமுத்தூரில் நாலு கம்பெனியில் ஒன்று அப்படித்தான் இருக்கும் என்பதால் எது என்று தேடாதீர்கள். கேஷியருக்கு அப்போது வயசு 31. ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கினார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டார். ஆபீஸே பொறாமைப்பட்டது. "என்ன டயட்டுங்க? பேலியோவா?" என்று டைப்பிஸ்ட்டிலிருந்து மேனேஜர் வரை கேட்டார்கள். "ஒண்ணுமே பண்றதில்லீங்க" என்றார் மனிதர். நாங்கள் நம்பவில்லை. ரகசியத்தை மறைக்கிறார் என்று பேசிக்கொண்டோம்.

ரகசியம் பெருந்துறையில் ஒரு கல்யாணப் பந்தியில் வெளிவந்தது. எங்கள் கேஷியர் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் ஆள் மாற்றிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் அன்றைக்கு சாம்பார் சாதத்தோடு இலையை மூடிவிட்டார். ரசத்துக்கே வரவில்லை! "வவுறு ரொம்பிப் போச்சுங்க. இடது பக்கம் என்னமோ கல்லை வெச்ச மாதிரி இருக்குது" என்றார்.

டாக்டர் வயிற்றின் இடதுபக்கம் அமுக்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் லேப்பிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, "இன்னொருக்கா ரத்தம் குடுங்கண்ணா, மெஷின் தப்பாக் காட்டுது" என்றது. மெஷின் சரியாகத்தான் காட்டியிருந்தது. வெள்ளை அணுக்கள் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டும். இவருக்கு 1,80,000. மண்ணீரல் வீங்கி இரைப்பையை ஒரு பக்கமாக நெருக்கியதில்தான் ரசத்துக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

வியாதியின் பெயர் க்ரானிக் மைலாய்ட் லுக்கீமியா. சுருக்கமாக சி.எம்.எல். மெதுவாக வளர்கிற ரத்தப் புற்றுநோய். அமெரிக்காவில் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. நம் நாட்டில் முப்பது, நாற்பதிலேயே, அதாவது வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிற வயசில், நிறையப் பேருக்குப் பிடிபடுகிறது.

உறுதிப்படுத்த 'ஃபிஷ்' டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். கேஷியரின் அம்மா, "மீனு திங்கச் சொல்றாங்களா, திங்க வேண்டாங்கறாங்களா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு சிவப்புச் சாயம், இன்னொரு இடத்துக்குப் பச்சைச் சாயம் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பரிசோதனை. நார்மலான ஆளுக்கு சிவப்பும் பச்சையும் தனித்தனியாகத் தெரியும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் மஞ்சளாகத் தெரியும். கேஷியரின் செல்கள் லட்சுமி மில்ஸ் சிக்னல் மாதிரி மஞ்சளிலேயே நின்றன.

அது என்ன ஒட்டல்?

நம் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள். இரண்டிரண்டாக 23 ஜோடி. நீளத்தை வைத்து நம்பர் கொடுத்திருக்கிறார்கள். இவற்றை ரயில்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிகள்தான் ஜீன்கள். நடுராத்திரி, போத்தனூர் ஜங்ஷன். 9-ம் நம்பர் வண்டியும் 22-ம் நம்பர் வண்டியும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கின்றன. இரண்டின் வாலும் உடைகிறது. ரிப்பேர் பண்ண வந்த ஆள் தூக்கக் கலக்கத்தில் அதன் வாலை இதற்கும், இதன் வாலை அதற்கும் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். காலையில் எண்ணிப் பார்த்தால் எந்தப் பெட்டியும் காணாமல் போகவில்லை. ஆனால் உடைந்தது இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் அல்ல. ஒரு பெட்டிக்குள்ளேயே! ஆகவே 22-ம் நம்பர் வண்டியில் இதுவரை உலகத்தில் இல்லாத ஒரு பெட்டி உருவாகிவிட்டது. முன்பாதி பி.சி.ஆர். என்கிற ஜீன், பின்பாதி 9-லிருந்து வந்த ஏபிள் என்கிற ஜீன்.

(கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அந்த பி.சி.ஆர். வேறு. அது டெஸ்ட். இது ஜீன். இங்கிலீஷில் ஓர் எழுத்து வித்தியாசம். தமிழில் எழுதினால் அதுவும் போய்விடுகிறது. இந்த வியாதியில் பி.சி.ஆரைக் கண்டுபிடிக்கவே ஒரு பி.சி.ஆர். எடுப்பார்கள். குழம்பாதீர்கள்.)

இந்த ஏபிள் ஜீன் தயாரிக்கிற புரதம் நல்லதுதான். செல்லுக்கு 'வளர்' என்று சொல்கிற ஸ்விட்ச் அது. எங்கள் கம்பெனி பாஷையில் சொன்னால் மோட்டார் ஸ்டார்ட்டர். தண்ணீர் வேண்டும்போது ஓடும், டேங்க் ரொம்பினால் தானே நின்றுவிடும். பி.சி.ஆர். வந்து ஒட்டிக்கொண்டதில் அந்த நிறுத்துகிற ஏற்பாடு கழன்று போகிறது. மோட்டார் ராத்திரி பகலாக ஓடுகிறது. மொட்டை மாடி டேங்க் வழிந்து, வாசல் நனைந்து, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிற கட்டம்தான் 1,80,000.

இந்த வெட்டு ஒட்டை முதலில் பார்த்தவர்கள் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்காரர்கள். பீட்டர் நோவல் என்கிற டாக்டர் 1956-ல் லுக்கீமியா செல்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, குழாய்த் தண்ணீரில் அலம்பினார். தண்ணீரை உறிஞ்சி செல்கள் உப்பின. உள்ளே நூல்கண்டாக இருந்த குரோமோசோம்கள் பிரிந்து தனித்தனியாகத் தெரிந்தன. (சிறுவாணித் தண்ணீராக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் சொல்லவில்லை.) மனிதனுக்கு 46 குரோமோசோம்தான் என்று உலகத்துக்குத் தெரிந்ததே அந்த வருஷம்தான். அதுவரை 48 என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்! நோவலும், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்கிற மாணவரும் 1960-ல் சி.எம்.எல். நோயாளிகளின் செல்களில் குட்டையாக, வால் நறுக்கின ஒரு குரோமோசோம் இருப்பதாக அறிவித்தார்கள். ஊர் பெயரையே வைத்து அதற்கு 'ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்' என்று பெயராகிவிட்டது.

ஊர் பெயர் வைப்பதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. வீரகேரளம் பக்கம் இருக்கிறதே கரும்பு இனப்பெருக்கு நிலையம், 1912-ல் ஆரம்பித்தது. அங்கே பிறந்த கரும்புக்கெல்லாம் 'கோ' என்று இனிஷியல். கோயமுத்தூரின் கோ! 1918-ல் பஞ்சாபுக்குப் போன கோ 205, நாட்டுக் கரும்பையும் காட்டுப் புல்லையும் கலந்து வந்தது. இன்றைய கரும்பு ரகங்களில் சில குரோமோசோம்களை எடுத்துப் பார்த்தால் பாதி நாட்டுக் கரும்பு, பாதி காட்டுப் புல் என்று இருக்கும். அங்கே குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டால் நமக்கு சர்க்கரை, வெல்லம், பொங்கல். 1930-களில் அந்த நிலையத்தில் கரும்புக் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்த ஜானகி அம்மாள் பிறகு லண்டன் போய், பயிர்களின் குரோமோசோம்களைப் பற்றி சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். மருதமலை போகிற வழியில் இவ்வளவு விஷயம் நடந்திருக்கிறது. நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறோம்.

ஃபிலடெல்ஃபியாவுக்கு வருவோம். வால் குறைந்தது தெரிந்தது, வால் எங்கே போனது என்பது பன்னிரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தொலைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். கண்டுபிடித்தவர் சிகாகோவில் ஜேனட் ரௌலி. நாலு பையன்களுக்கு அம்மா, வாரத்தில் சில நாள் மட்டும் வேலைக்குப் போன டாக்டர். குரோமோசோம் போட்டோக்களை வீட்டுக்கு எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி வரிசையாக அடுக்குவார். 'அம்மாவுக்குப் பொம்மை வெட்டி விளையாடச் சம்பளம் கொடுக்கிறார்கள்' என்று பையன்கள் கிண்டலடிப்பார்களாம். 1972-ல் அப்படி அடுக்கும்போதுதான் 22-ல் குறைந்த அளவு 9-ல் கூடியிருப்பதைக் கவனித்தார். தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது! 1973-ல் வெளியிட்டார்.

கேஷியரின் அம்மா இதற்குள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். "ஒம்பதாமிடத்துல பரிவர்த்தனைங்கறாருங்க. ரெண்டு கிரகம் ஊடு மாத்தி உக்காந்திருக்குதாமா." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரௌலி சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே! ஜோசியர் பரிகாரமாக நெய்விளக்கு சொன்னார். டாக்டர் தினம் ஒரு மாத்திரை சொன்னார். அம்மா இரண்டையும் செய்தார்.

அந்த மாத்திரையின் கதையைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லவேண்டும்.

பழைய கான்ஸர் மருந்துகள் ஊரையே கொளுத்தி எலியைப் பிடிக்கிற ரகம். வளர்கிற செல் எதுவானாலும் அடிக்கும். முடி கொட்டும், வாய் வெந்துபோகும். ஆனால் சி.எம்.எல்லில் குற்றவாளி யார் என்பது தெள்ளத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அந்த ஒட்டுப் பெட்டி தயாரிக்கிற புரதம் ஒன்றே ஒன்று. அதை மட்டும் நிறுத்தினால் போதுமா? ஸ்விட்சர்லாந்து கம்பெனியில் நிக்கோலஸ் லைடனும் கூட இருந்த வேதியியல்காரர்களும் ஒரு மூலக்கூறு செய்தார்கள். மோட்டாருக்குக் கரண்ட் வருகிற ப்ளக் ஓட்டையில் மரக்கட்டையைச் செருகின மாதிரி, அந்தப் புரதம் சக்தி வாங்குகிற பள்ளத்தில் போய் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். பெயர் இமாட்டினிப். அமெரிக்காவில் ப்ரையன் ட்ரக்கர் என்கிற டாக்டர் 1998 ஜூனில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார். போதுமான டோஸ் வாங்கின 54 பேரில் 53 பேருக்கு ரத்தம் நார்மலானது. கான்ஸரில் இந்த மாதிரி ஸ்கோர் யாரும் பார்த்ததில்லை. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. பத்து வருஷம் தொடர்ந்து கவனித்ததில் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள்.

அதே 1998-ல், ஜூலை மாதம், அதே கம்பெனி, அதாவது நோவார்ட்டிஸ், சென்னைப் பேட்டன்ட் ஆபீஸில் ஒரு விண்ணப்பம் போட்டது. நம்பர் 1602/மாஸ்/1998. 'மாஸ்' என்றால் ரஜினி சமாச்சாரம் அல்ல, மெட்ராஸ். ஊர் பெயர் மாறி இரண்டு வருஷமாகியும் ஃபைலில் மாறவில்லை. அந்த ஃபைல்தான் பிறகு உலகம் பூரா பேசப்பட்டது.

விஷயம் இதுதான். மருந்தின் அடிப்படை மூலக்கூறு ஏற்கெனவே தெரிந்தது. இங்கே உரிமை கேட்டது அதன் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு. 2005-ல் நம் பேட்டன்ட் சட்டத்தில் 3(டி) என்று ஒரு பிரிவைத் திருத்தி வைத்தார்கள். தெரிந்த பொருளுக்குப் புது வடிவம் கொடுத்தால் போதாது, அதன் பலன் கூடியிருக்க வேண்டும் என்பது சாராம்சம். மைசூர்பாவைப் புது டப்பாவில் போட்டால் புதுப் பலகாரமாகிவிடாது, டப்பா எவ்வளவு நன்றாக இருந்தாலும். 2006 ஜனவரியில் சென்னை ஆபீஸ் விண்ணப்பத்தை நிராகரித்தது. கம்பெனி, 3(டி) பிரிவே செல்லாது என்று சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனது. 2007 ஆகஸ்ட்டில் தோற்றது. அப்பீல் ட்ரிப்யூனலில் 2009-ல் தோற்றது. கடைசியில் டெல்லி சுப்ரீம் கோர்ட்டில் 2013 ஏப்ரல் 1-ம் தேதி தீர்ப்பு வந்தது. முட்டாள்கள் தினம் என்று பலர் முதலில் நம்பவில்லையோ என்னவோ, அதுவும் கம்பெனிக்கு எதிராகத்தான். படிகம் நன்றாகச் சேமித்து வைக்க உதவலாம், நோயைக் குணமாக்குவதில் கூடுதல் பலன் இருப்பதாக நிரூபிக்கவில்லை என்றார்கள்.

கம்பெனி தரப்பையும் சொல்லவேண்டும். உரிமை இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தியாவில் தங்கள் மருந்து சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இலவசமாகவே தருகிறோம் என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மை. ஆனால் இலவசம் என்பது கொடுக்கிறவர் மனசைப் பொறுத்தது. விலை என்பது பையில் இருக்கிற பணத்தைப் பொறுத்தது. அவர்களுடைய மாத்திரை மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம் கம்பெனிகள் தயாரித்தது சுமார் 8,000. பிறகு இன்னும் இறங்கியது. கேஷியர் சம்பளத்தில் எந்த மாத்திரை வரும் என்பதற்கு ஆடிட்டர் தேவையில்லை.

அப்புறம் ஆடிட்டரும் வந்தார்.

கேஷியருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கோபிப் பக்கம் வசதியான இடம். விஷயத்தை மறைக்காமல் சொன்னதும், "பரம்பரையா வருமுங்களா?" என்று கேட்டார் பெண்ணின் மாமன். ஊரில் பாதிப்பேர் கேட்கிற கேள்வி அது. பதில்: வராது. போத்தனூர் ஜங்ஷன் விபத்து நடந்தது எலும்பு மஜ்ஜையில் ஒரே ஒரு தாய்ச் செல்லில், அதுவும் பிறந்து வளர்ந்த பிறகு. அப்பாவிடமிருந்து வாங்கியதும் இல்லை, பிள்ளைக்குக் கொடுக்கப்போவதும் இல்லை. சிகரெட்டாலும் புரோட்டாவாலும் வந்ததும் இல்லை. அணுகுண்டு போட்ட ஹிரோஷிமா மாதிரிக் கடுமையான கதிர்வீச்சைத் தவிர வேறு காரணம் உறுதியாகவில்லை. டாக்டரே போனில் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். மாமன் கேட்டுக்கொண்டார். மறுநாள், 'ஜாதகம் பொருந்தலைங்க' என்று தகவல் வந்தது. வீட்டில் அம்மா, "எங்க வமுசத்துல யாருக்குமே இல்லீங் தம்பி, சொல்லிப் பாருங்" என்று என்னிடம் அழுதார். மருந்தால் ஆகாத ஒரு வியாதி இருக்கிறதென்றால் அது இந்த மாமன் வியாதிதான்.

ஒரு வருஷம் கழித்து பவானிப் பெண் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி என்றார். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை.

அதற்குள் நம்மாள் நன்றாகத் தேறியிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அந்த ஒட்டு ஜீன் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். 60, 4, 0.3, 0.05 என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பேலன்ஸ் குறையக் குறைய சந்தோஷப்பட்ட கேஷியரை நான் அங்கேதான் பார்த்தேன். இந்த மருந்தில் ஒரு தொல்லை, கண்ணிமை வீங்கும். எப்போதும் இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி ஒரு முகம். கல்யாண போட்டோவில் அப்படி விழக்கூடாது என்று மனிதர் ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

போட்டோ அருமையாக வந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் அந்தப் பெண் அலமாரியில் மாத்திரை அட்டைகளைப் பார்த்தார். பில் தேதியைப் பார்த்தார். எண்ணினார். இருக்கவேண்டியதைவிட 62 அதிகம். "ஸ்டாக் டேலி ஆகலீங்களே" என்றாராம். அவ்வளவுதான்.

டெஸ்ட் எடுத்தார்கள். 0.05 இருந்தது 5-க்கு ஏறியிருந்தது. நூறு மடங்கு! டாக்டர் கத்தின கத்தல் ரிசப்ஷன் வரை கேட்டது. ரொம்ப நாள் ஆழமாகக் குறைந்திருக்கிறவர்கள் சிலருக்கு டாக்டரே மாத்திரையை நிறுத்தி, மாதாமாதம் பரிசோதித்துப் பார்ப்பது உண்டு. அதிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் திரும்ப வருகிறது. தானாக விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்தப் பள்ளத்தின் வடிவமே மாறிவிட்ட செல்கள் தலையெடுத்து, மரக்கட்டை பொருந்தாமல் போகிற அபாயம் உண்டு. அப்போது வேறு மாத்திரை தேடவேண்டும். நம்மாளுக்கு அதிர்ஷ்டம். மறுபடி ஆரம்பித்ததும் இறங்கியது.

இப்படி ஜீன்கள் ஒட்டுவது ரத்தக் கான்ஸரில் மட்டும்தான் முக்கியம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னய்யன் குழு, ஆண்களின் பிராஸ்டேட் கான்ஸரில் பாதியில் ஓர் ஒட்டு ஜீன் இருப்பதைக் காட்டியது. பெயரைப் பார்த்தால் நம்ம பக்கம்! 2007-ல் ஜப்பான்காரர்கள் நுரையீரல் கான்ஸரில் ஒன்றைக் கண்டுபிடிக்க, நாலே வருஷத்தில் அதற்கும் மாத்திரை வந்துவிட்டது. ஃபிலடெல்ஃபியாவில் வாலைப் பார்த்ததிலிருந்து மாத்திரை வர 41 வருஷம் ஆனதை நினைத்துப் பாருங்கள்.

போன மாதம் சூலூரில் ஒரு ரிசப்ஷன். பந்தியில் என் பக்கத்தில் கேஷியர், அவருக்குப் பக்கத்தில் ஆடிட்டர். பாதிச் சாப்பாட்டில் செல்போன் அலாரம் அடித்தது. மணி 9.22. "அதென்னங்க 9.22? ஒம்பதரைன்னு வெக்கறது?" என்றேன். "அவதான் வெச்சா" என்றார். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். நம்மாள் வாயில் போட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். அப்புறம் பந்தியின் கோடி வரை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ரசம் எங்கீங்க?" என்று சத்தம் போட்டார்.